கேட்டுத்தான் எடுப்பாள்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் கடிதங்கள்தாம். அவற்றிலும் பாதி தபாலில் சேரவில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அப்படிப்பட்டவள் இன்னொருத்தியைப் பற்றி ஊரறிய எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதாமல் இருந்துவிடலாம் என்று இருபது வருஷம் பார்த்தேன். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலிலிருந்து உள்ளே வருகிறேன், ஏன் போனேன், ஏன் வந்தேன் என்று தெரிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நான் கேட்டதில்லை. நாங்கள் அக்கா என்போம். மூத்தவர்கள் ‘ஏளா’ என்பார்கள். அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம் தொங்கும். முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய முரட்டுச் சேலை எந்நேரமும் ஈரமாகவே இருக்கும்.

அவள் வேலை, பெண்களைக் கடலுக்குள் கொண்டுபோவதும் கடலிலிருந்து கொண்டுவருவதும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தூத்துக்குடியில் படகு அணைகிற பாலம் உண்டு, லாஞ்சு உண்டு. எங்கள் ஊர் குலசேகரன்பட்டினத்துக்கு வடக்கே ஒரு சிறிய துறை. அங்கே மணலும் தண்ணீரும் தவிர ஒன்றும் கிடையாது. கொழும்புக்குப் போகிற தோணி தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அதிலிருந்து ஒரு வள்ளம் கரைப்பக்கம் வரும். வள்ளமும் இடுப்பளவுத் தண்ணீருக்கு இப்பால் வராது, அடி மணலில் தட்டிவிடும். ஆண்கள் வேட்டியை மடித்துத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடந்துவிடுவார்கள். பெண்கள் என்ன செய்வது? காயல்பட்டினத்து முஸ்லிம் வீட்டுப் பெண்களானாலும் சரி, எங்களைப் போன்ற கருப்பட்டி வியாபாரி வீட்டுப் பெண்களானாலும் சரி, அந்நிய ஆணின் கை படக் கூடாது. அதற்குத்தான் அவள்.

என் மாமனார் வீட்டுக் கிணற்றில்தான் நல்ல தண்ணீர். கடலிலிருந்து ஏறியதும் உப்பு அரிக்கிறது என்று அவள் அங்கே வருவாள். என் மாமியாரான அத்தை வாளியில் இறைத்து அவள் தலையில் ஊற்றுவாள். நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவளால் ஒரு நிமிஷம் சும்மா நிற்க முடியாது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருப்பாள். வாளியை இந்தப் பக்கம் வைப்பாள், அந்தப் பக்கம் வைப்பாள். பேச்சின் நடுவே, “ஏ பிள்ள, பாய் ஏதும் தெரியுதா பாரு” என்று கடலைக் காட்டுவாள். பாய் தெரிந்தால் சோப்பு நுரையோடு ஓடிவிடுவாள்.

ஒருநாள் அத்தை சாதாரணமாகக் கேட்டாள்: “இன்னைக்கு எத்தனை பேரத் தூக்குன?”

அவள் முகம் சுருங்கிவிட்டது. “தூக்கதா? அது மூட்டைக்கு. ஆளைத் தூக்குனா களவுல்லா?”

“பெறவு என்னன்னு சொல்ல?”

அன்றைக்குத்தான் அவள் எனக்கு அந்தக் கணக்கைச் சொன்னாள். வாயால் சொன்னதைவிடக் கையால் சொன்னது அதிகம். குழந்தையை ஒக்கலில் இடுக்க வேண்டும். சூலியை இரண்டு கையாலும் முன்னால் ஏந்த வேண்டும், தண்ணீர் முதுகில் படலாம், வயிற்றில் படக் கூடாது. கிழவியை முதுகில் ஏற்றவே கூடாது, நெஞ்சு அமுங்கிவிடும், தாங்கி மெல்ல நடத்த வேண்டும். கால் முடியாதவளைத் தோளில் இருத்த வேண்டும். தண்ணீர் வற்றிக் கிடந்தால் ஒன்றும் வேண்டாம், கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் போதும். எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் எடுப்பது என்று சொல்லலாம். “பிள்ளைய எடு, பிள்ளைய எடுன்னு சொல்லுதோமே, அந்த மாதிரி” என்றாள். தூக்குவது, சுமப்பது, ஏற்றுவது, இறக்குவது எல்லாம் கருப்பட்டிச் சிப்பத்துக்கு.

பெண்களின் கனத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. சுமை இறக்குகிற ஆள் ஒருவன் ஒருமுறை, “அக்கா, இப்ப ஏத்துன அம்மா எத்தனை துலாம் தேறும்?” என்று கேட்டுச் சிரித்தான். “ஏலே, நிறை கேக்கதுக்கு அவ என்ன கருப்பட்டியா? ஒங்க ஆத்தாளக் கேளு, ஒன்னப் பெத்தப்ப நீ எத்தனை துலாம்னு” என்றாள். அவன் அன்று முழுவதும் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டிய காரியம் இது இல்லை. இதைவிடப் பெரிய வழக்கம் ஒன்று அவளிடம் இருந்தது.

எடுப்பதற்கு முன்னால் அவள் கேட்பாள். முழங்கால் தண்ணீரில் நின்று, போகிறவளின் முகத்தைப் பார்த்து, “வாரியளா?” என்று கேட்பாள். “வாரேன்” என்று அந்தப் பெண் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தொட மாட்டாள். தலையாட்டினால் போதாது. “தலை காத்துக்கும் ஆடும்” என்பாள். புருஷன் சொன்னாலும் தகப்பன் சொன்னாலும் போதாது.

சாத்தான்குளத்திலிருந்து ஒரு பெரிய கடைக்காரர் மனைவி வந்தாள். நல்ல பாரி உடம்பு. வண்டியில் வந்து இறங்கினதும், “ம், தூக்கு” என்று இரண்டு கையையும் விரித்தாள்.

“வாரியளாம்மா?”

“வரத்தானே இங்கன நிக்கேன்?”

“நிக்கது வேற, வாரது வேற. வாரியளா?”

“வெறும் கிறுக்கியால்லா இருக்கா! வாரேண்டி, வாரேன், வாரேன்! போதுமா?”

“ஒரு தரம் போதும்” என்று சொல்லி அவளை முன்னால் ஏந்திக்கொண்டு போனாள். அந்த அம்மாள் வள்ளத்தில் ஏறின பிறகும் திட்டிக்கொண்டே போனாள். கரையில் நின்றவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இன்னொருநாள் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று வரமாட்டேன் என்று மணலில் புரண்டது. தாய் வள்ளத்தில் ஏறியாகிவிட்டது. எல்லாரும் அள்ளிக்கொண்டு போ என்கிறார்கள். அவள் அந்தக் குழந்தைக்கு எதிரே மணலில் உட்கார்ந்துவிட்டாள். என்ன பேசினாளோ தெரியாது. கடைசியில் குழந்தை, “நண்டு பிடிச்சுத் தந்தா வாரேன்” என்றது. நண்டு பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஒக்கலில் இடுக்கினாள். தோணித் தலைவரான தண்டல் நடுக்கடலில் நின்று கூச்சல் போட்டது ஊருக்குள் வரை கேட்டது.

கொழும்பிலிருந்து வந்த தோணியில் ஒரு பெண் வழியிலேயே இறந்துபோனாள். பிணம் வள்ளத்தில் கிடந்தது. கூடவே அவள் மகள், பன்னிரண்டு வயது. நான் வேலிப் பக்கம் நின்று பார்த்தேன். இவள் தண்ணீரில் நின்று, பிணத்தின் முகத்தைப் பார்த்து, “வாரியளாம்மா?” என்று கேட்டாள். கையை நீட்டாமல் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த மகள், “வாரோம்” என்றாள். பிறகுதான் எடுத்தாள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அத்தை கேட்டாள். “எங்க அப்பா சங்கு குளிக்கவனுக்குக் கயிறு பிடிச்சவரு. கீழ இருக்கவன் கயித்த அசைச்ச பெறவுதான் மேல இழுப்பாரு. முந்தி இழுத்தா அவன் கண்ட சங்கு போச்சு. மேல இருக்கவனுக்கு என்ன தெரியும்? கீழ இருக்கவன்தான் சொல்லணும்.”

“அசைக்க முடியாம ஒருத்தன் மாட்டிக்கிட்டா?” என்றாள் அத்தை.

அவள் ஈரத்தலையை முடிந்துகொண்டு போய்விட்டாள்.

வேறொரு கதையும் ஊரில் உண்டு. அவள் என்னிடம் சொன்னதில்லை, ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை செய்த ஒருத்தி சொன்னது. சின்ன வயதில் அவள் யாரையும் கேட்காமல்தான் எடுத்தாளாம். ஒரு கங்காணி தேயிலைத் தோட்டத்துக்கென்று ஒரு பெண்ணைக் கூட்டி வந்தானாம். அந்தப் பெண் காய்ச்சலில் தூங்குகிறாள் என்று சொன்னானாம். இவளும் தோளில் போட்டுக்கொண்டுபோய் வள்ளத்தில் படுக்கவைத்துவிட்டாள். தோணி பாய் விரித்த பிறகு அந்தப் பெண் விழித்துக் கத்தின சத்தம் கரைக்குக் கேட்டதாம். உண்மையோ பொய்யோ, நான் அறியேன்.

இனி என் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் எனக்குக் கல்யாணம். என் கணவர் கொழும்பில் மாமனாரின் கருப்பட்டிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்தாறு நாள் ஊரில் இருந்துவிட்டுப் போனார். அவரும் என்னைப் போலவே பேசாதவர். பனங்கிழங்கை நார் உரித்து, நடுவிலிருக்கும் தும்பை உருவிப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் என் கையில் வைப்பார். இருபத்தாறு நாளில் அவர் என்னிடம் பேசியதைவிட உரித்துத் தந்தது அதிகம். அவரோடு இருக்க எனக்குப் பிடித்திருந்தது. இதை இப்போதுதான் முதல்முதலாக எழுதுகிறேன்.

எட்டு மாதம் கழித்து மாமாவுக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. விஷக்காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கஞ்சி தருகிறார்கள், எத்தனை நாள் வாங்கிக் குடிப்பது, அவளை அனுப்பிவையுங்கள் என்று எழுதியிருந்தார். மாமா அதை முற்றத்தில் நின்று உரக்கப் படித்தார். நான் அடுப்படியில் இருந்து கேட்டேன். அடுத்த வாரம் கருப்பட்டி ஏற்றிப் போகிற தோணியில் என்னை அனுப்புவது என்று முடிவாயிற்று. துணைக்குத் தண்டலின் தாயாரும் அதே தோணியில் போனாள்.

அன்று விடியற்காலையில் மாமாவும், என் கணவரின் அண்ணனும், நானும் கரைக்குப் போனோம். அத்தைக்குக் காலில் வீக்கம், வரவில்லை. என் தகரப்பெட்டியை முதலில் வள்ளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தண்டலின் தாயாரை அக்கா தாங்கி நடத்திக்கொண்டு போய் ஏற்றிவிட்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“வாரியா பிள்ள?”

கிணற்றடியில் நித்தமும் பார்த்த முகம்தான். ஆனால் எனக்கு நாலடி பின்னால் மாமா நின்றார். அவர் எதிரே நான் அதுவரை வாய் திறந்ததே இல்லை. தண்ணீர் வேண்டுமா என்பதைக்கூட அத்தை வழியாகத்தான் கேட்பேன். பக்கத்தில் என் கணவரின் அண்ணன், சுமை இறக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர். புருஷனிடம் போக ‘வாரேன்’ என்று இத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? தலையை ஆட்டினேன். முக்காடு மூடியிருந்தது.

“வாயால சொல்லு பிள்ள. வாரியா?”

சொல் வருவதற்கு முன்னால் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணீரை அவள் பார்த்துவிட்டாள்.

“ஏளா, நேரம் போகுது. நான் சொல்லுதேன்லா, தூக்கு” என்றார் மாமா.

“சிப்பத்தத் தூக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, தூக்குவானுவ. ஆள நான் கேட்டுத்தான் எடுப்பேன்.”

“அன்னைக்குப் பொணத்த எடுத்தியே, அது வாயத் திறந்து சொல்லிச்சா? மக சொன்னா, எடுத்த. இவளுக்கு நான் சொல்லுதேன்.”

“அவ செத்தவ. இவ உசுரோட நிக்காள்லா?”

அண்ணன் முன்னால் வந்தார். “கூலிக்கு எடுக்கவளுக்கு என்ன இத்தனை கேள்வி? மாமன் மச்சான் நாங்க நிக்கோம்.”

“நீங்க நிக்கிய. போறது இவ.”

வள்ளத்திலிருந்து தண்டல் கத்தினார்: “அண்ணாச்சி, கரைக்காத்து விழுது! பொம்பளய அனுப்புதியளா, நாங்க பாயத் திறக்கட்டா?”

சுமைக்காரர் ஒருவரை விட்டு என்னை எடுத்துப்போகச் சொல்லலாம் என்றார் அண்ணன். மாமா சீறினார். “அந்நியன் கையில எம் மருமவள ஏத்திட்டு நாளைக்கு நான் கடையில ஒக்கார முடியுமாலே?”

அவள் எனக்கு மிக அருகில் வந்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது. “பிள்ள, மெள்ளச் சொல்லு. எனக்கு மட்டும் சொல்லு. பயப்படாத. வாரேன்னா வாரேன், இல்லன்னா இல்ல. ஒருத்தனும் ஒன்ன ஒண்ணும் செய்ய முடியாது.”

நான் வாயைத் திறந்தேன். ஒரு சத்தம் வந்தது. சொல்லாக வரவில்லை, விம்மலாக வந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் முடிவு செய்துவிட்டாள். எனக்கு முன்னால் திரும்பி நின்று இரண்டு கையையும் விரித்து, “இந்தப் பிள்ள வரல. போங்க எல்லாரும்” என்றாள்.

நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்திருக்கலாம். நானாகத் தண்ணீரில் இறங்கியிருக்கலாம். இடுப்பளவுத் தண்ணீர்தானே. எத்தனையோ இரவு படுத்துக்கொண்டு அதில் இறங்கி நடந்து பார்த்திருக்கிறேன். அன்று என் கால் மணலில் அப்படியே நின்றது. வள்ளம் திரும்பியது. தோணி பாய் விரித்தது. என் தகரப்பெட்டி அதில் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை நாலு வரியில் சொல்லிவிடலாம். “உன் பெண்சாதி கரை வரைக்கும் வந்து வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள்” என்று அண்ணன் கொழும்புக்கு எழுதினார். அவர் பொய் எழுதவில்லை, அவர் கேட்டதைத்தான் எழுதினார். நான் நாலு கடிதம் எழுதினேன். விலாசம் அண்ணன் கையில் இருந்தது, அவரிடம் கொடுத்தேன். பதில் வரவில்லை. தூத்துக்குடி வழியாகக் கப்பலில் அனுப்பலாமா என்று அத்தை ஒருமுறை கேட்டாள். மாட்டேன் என்றவளை இரண்டாம் முறை அனுப்பி மானம் போகவா என்றார் மாமா. என் கணவர் பிழைத்துக்கொண்டார். கஞ்சி கொடுத்த வீட்டிலேயே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்துக் கொழும்பிலிருந்து வந்த ஒருவர், அவள் ஊதாக்கரை போட்ட நீலச் சேலை உடுத்தியிருந்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அது என் பெட்டியில் இருந்த சேலை.

அக்காவை நான் குறை சொன்னது கிடையாது. ஒரு கங்காணியின் பிடியிலிருந்து எத்தனை பெண்கள் அந்தக் கேள்வியால் தப்பியிருப்பார்களோ. பிறகும் அவள் கேட்பதை விடவில்லை. விட்டிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் அவள் என்னைக் காப்பாற்றியதாக நினைத்தாளே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கிணற்றுக்கு வந்தாள். அத்தை உள்ளே படுத்திருந்தாள். மாமாவும் அண்ணனும் கடைக்குப் போயிருந்தார்கள். ஓலைப்பெட்டியில் எனக்கென்று பொரித்த சாளை மீன் கொண்டுவந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. வழக்கம்போலக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

“சாப்பிடு பிள்ள. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிச்சிருக்க மாட்ட. பயப்படாத. இனி ஒன்ன ஒருத்தன் கட்டாயப்படுத்துனா எங்கிட்ட வா. நான் பாத்துக்கிடுதேன்.”

அங்கே ஆண்கள் யாரும் இல்லை. என் குரல் தானாக வந்தது.

“அக்கா, எனக்குப் போகணும்.”

“எங்கன?”

“கொழும்புக்கு. அவுககிட்ட.”

அவள் என்னைப் பார்த்தாள். கால் மாற்றுவது நின்றுவிட்டது. அவள் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். வாளியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“காலைல போகணும்னுதான் இருந்தியா?”

“ஆமா.”

“பெறவு ஏம்ளா அழுத?”

“சொல்ல வரல.”

அவள் ஓலைப்பெட்டியைக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். “எனக்குக் கேக்க மட்டுந்தான் தெரியும் பிள்ள. கேட்டாச் சொல்லிருவாவன்னு நெனச்சிட்டேன்” என்றாள். பிறகு கடலைப் பார்க்க ஓடினாள். நானும் வேலி வரை போனேன். அவள் தண்ணீரில் இடுப்புவரை இறங்கி நின்று கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்தாள். ஒரு பாயும் தெரியவில்லை.

மறுநாள் காற்று, தோணிக்கு எதிரான கொண்டலுக்குத் திரும்பிவிட்டது. அந்த மாதம் முழுவதும் கொழும்புக்குத் தோணி போகவில்லை. அத்தை கம்பு இடிக்கச் சொன்னாள். இடித்தேன்.